வன்னியிலிருந்து சட்ட வைத்திய அதிகாரியாக வர விரும்புகிறவர்களுக்கு

உயர்தரம் படிக்கிற பிள்ளைகளுக்கான வழிகாட்டல் கூட்டத்துக்குப் போனால், எல்லாரும் கலைந்த பிறகு ஒன்றிரண்டு பேர் கிட்ட வந்து மெதுவாகக் கேட்பார்கள்: “டொக்டர், போஸ்ற்மோட்டம் செய்யிற டொக்டரா வாறதெண்டா என்ன படிக்கவேணும்?” சபையில் கேட்க வெட்கம். வீட்டில் சொன்னால் அம்மா ஏசுவா என்ற பயம் வேறு. அவர்களுக்காகவும், மருத்துவ பீடத்தில் இருந்துகொண்டு எந்தத் துறைக்குப் போவது என்று யோசிக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என்ற நான்கு மாவட்டங்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். கொழும்பில் இதே வேலை வேறு மாதிரி நடக்கும்.

யார் என்ன செய்கிறார்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். ஊரில் ஒருவர் திடீரென்று இறந்துவிட்டால் அங்கே வந்து நிற்கிற அதிகாரிகள் எல்லாரையும் சனம் ஒரே ஆளாகத்தான் நினைக்கிறது. அப்படியல்ல.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின்படி, விபத்தில் இறந்தவர், விலங்கு தாக்கி இறந்தவர், தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டவர், திடீரென்றோ காரணம் தெரியாமலோ இறந்தவர் என்றால் மரண விசாரணை நடக்கவேண்டும். அதைப் பெரும்பாலும் நடத்துகிறவர் திடீர் மரண விசாரணை அதிகாரி. நீதி அமைச்சு நியமிக்கிற பதவி அது. அவர் வைத்தியராக இருக்கவேண்டியதில்லை, அநேகமாக இருப்பதுமில்லை. பொலிஸ் காவலிலோ சிறையிலோ மனநல வைத்தியசாலையிலோ ஒருவர் இறந்தால் விசாரணை நீதவானிடம் போய்விடும். இவர்களில் ஒருவர் கட்டளை கொடுத்தால்தான் அரச வைத்தியர் சடலத்தில் கைவைக்கலாம். அந்தப் பரிசோதனையில் விசேட பயிற்சி பெற்ற அரச வைத்தியரே சட்ட வைத்திய அதிகாரி. பேச்சுவழக்கில் ஜே.எம்.ஓ. மரணத்துக்கான மருத்துவக் காரணத்தையும், காயம் எப்படி ஏற்பட்டிருக்கலாம் என்பதையும் அவர் சொல்வார். யார் செய்தது என்று அவர் சொல்வதில்லை. கேட்டாலும் சொல்லக்கூடாது.

இன்னொன்று, இது பலருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும்: ஜே.எம்.ஓ.விடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் உயிரோடு இருப்பவர்கள். வாய்த்தர்க்கத்தில் பொல்லால் அடிவாங்கியவர், கணவனிடம் அடிவாங்கிய பெண், துஷ்பிரயோகத்துக்கு ஆளான பிள்ளை, குடிபோதையில் வாகனம் ஓட்டினார் என்று பொலிஸ் கொண்டுவந்தவர், காவலில் தன்னைச் சித்திரவதை செய்தார்கள் என்று நீதவானிடம் முறையிட்டவர் என்று வரிசை நீளும். பிணத்தோடு மட்டும் வேலை, மனிதரோடு பேசத் தேவையில்லை என்று நினைத்து இந்தத் துறைக்கு வந்தால் முதல் கிழமையே பிழைத்துப் போகும்.

பள்ளிக்கூடக் கட்டம்

உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். மருத்துவ பீடத்துக்கு வேறு வாசல் இல்லை. அனுமதி இசட் புள்ளியில். மொத்த இடங்களில் 40 வீதம் முழு நாட்டுக்குமான திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கொடுப்பது. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் உள்ளவை. ஆகவே உங்கள் வெட்டுப்புள்ளி யாழ்ப்பாணத்து மாணவனுடையதிலிருந்து வேறுபடும். ரியூசனுக்கென்று யாழ்ப்பாணத்துப் பாடசாலைக்கு மாறுவதற்கு முதல், எந்த மாவட்டத்தின் கணக்கில் உங்களைச் சேர்ப்பார்கள் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் வாசித்துத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவையும் வாசிக்கச் சொல்லுங்கள். பெறுபேறு வந்த பிறகு ஓடித்திரிந்து பயனில்லை.

இங்கே பௌதிகவியலுக்கு ஆசிரியர் கிடைப்பதே பெரும்பாடு என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதோடு இன்னொரு பாடத்தையும் சேருங்கள்: ஆங்கிலம். தமிழ் மொழிமூலம் உயர்தரம் எழுதிவிட்டு, மருத்துவ பீடத்தில் முதல் நாளே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கவேண்டிவரும். இந்தத் துறையில் அது இன்னும் ஆழமாய் வெட்டும். ஏனென்றால் உங்கள் அறிக்கையின் ஒவ்வொரு சொல்லையும் ஒரு சட்டத்தரணி பிடித்து இழுப்பார். சிங்களத்தையும் விட்டுவிடாதீர்கள். பொலிஸ் படிவத்தில் மேற்பாதி அநேகமாகச் சிங்களக் கையெழுத்தில்தான் வரும். பயிற்சிக் காலத்திலும் தென்பகுதி நோயாளிகளோடு பேசவேண்டியிருக்கும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. வன்னிப் பிள்ளைகளுக்குக் கிட்டடி அதுதான். வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருந்தாலும் அங்கே மருத்துவ பீடம் இல்லை. புள்ளி போதாமல் வெளிநாட்டில் படிக்க யோசிப்பவர்கள், காசு கட்டுமுன் இலங்கை மருத்துவச் சபை அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்றிருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வந்த பிறகு பதிவுக்கான பரீட்சை ஒன்று எழுதித் தேறவும் வேண்டும். காணி விற்றுப் போய், அந்தப் பரீட்சையில் வருடக்கணக்காக மாட்டுப்பட்டிருக்கிற பிள்ளைகள் உண்டு.

பீடத்தில் ஐந்து வருடம்

பட்டப்படிப்பு ஐந்து வருடம். சட்ட மருத்துவம் தனிப் பாடமாக வரும், பிரேத பரிசோதனைக்கும் கூட்டிக்கொண்டு போவார்கள். முதல் நாளுக்கு இரண்டு மூன்று சொல்கிறேன். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், அளவாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மணம் முதல் சில நிமிடம்தான் பாடாய்ப் படுத்தும், பிறகு மூக்கு பழகிவிடும். அதனால் வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடாமல் ஒரே இடத்தில் நில்லுங்கள். தலை சுற்றினால் வீரம் காட்டாமல் நிலத்தில் இருங்கள். மயங்கி விழுந்து மண்டை உடைந்தால் உங்களுக்கும் ஒரு பொலிஸ் படிவம் நிரப்பவேண்டிவரும்.

உடற்கூற்றியலும் நோயியலும் இந்தத் துறையின் இரண்டு கால்கள். சோதனைக்கு மட்டும் படித்துவிட்டு மறந்தீர்களென்றால் பின்னால் திரும்பப் படிக்கவேண்டிவரும். ஈரல் அழற்சி பி தடுப்பூசி மூன்றையும் மாணவனாக இருக்கும்போதே போட்டு முடியுங்கள். காசநோயும் எலிக்காய்ச்சலும் ஆள் இறந்த உடனே உடலைவிட்டுப் போய்விடுவதில்லை.

முதல் நியமனம்: கற்றுக்கொள்கிற இடம்

பட்டம் கிடைத்த பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. அது முடிந்து மருத்துவச் சபையில் முழுப் பதிவு. பிறகு நியமனம். இந்தக் கட்டத்தில் என் ஆலோசனை: துணிந்து வன்னியின் ஓர் ஆதார வைத்தியசாலையைக் கேட்டு வாருங்கள். மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, செட்டிகுளம், எது கிடைத்தாலும். விசேட நிபுணர் பக்கத்தில் இல்லாத இடத்தில் சாதாரண வைத்திய அதிகாரியே சட்ட மருத்துவப் பரிசோதனைப் படிவத்தை நிரப்பவேண்டும். பொலிஸ் 20 என்று சொல்கிற படிவம் அது. இந்தத் துறை உங்களுக்குச் சரிவருமா இல்லையா என்பது அந்த ஒற்றைத் தாளில் தெரிந்துவிடும்.

எப்படி நிரப்புவது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புதிதாக வருகிறவர்கள் ஆகக்கூட அவசரப்படுகிற இடம் இது. வெளிநோயாளர் பகுதியில் ஐம்பது பேர் காத்திருக்க, பொலிஸ்காரர் தாளை நீட்டிக்கொண்டு நிற்பார்.

முதலில் சம்மதம். பொலிஸ் கொண்டுவந்தார்கள் என்பதற்காக ஆளைத் தொடமுடியாது. என்ன செய்யப்போகிறீர்கள், எழுதுவது நீதிமன்றத்துக்குப் போகும் என்பதைச் சொல்லி, அவர் சம்மதித்துக் கையெழுத்து வைத்த பிறகே பரிசோதனை. பொலிஸ்காரரை அறைக்கு வெளியே இருத்துங்கள். அதன் பிறகு நடந்ததை அவருடைய சொல்லிலேயே எழுதுங்கள். “மச்சான் மண்வெட்டிப் பிடியாலை முதுகிலை போட்டவன்” என்றால் அப்படியே. அதை “தாக்கப்பட்டார்” என்று சுருக்கினால், பிடியா வெட்டுப்பக்கமா என்று மூன்று வருடம் கழித்துக் கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்காது.

பிறகு காயம். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, வகை, நீள அகலம் சென்ரிமீற்றரில், வடிவம், விளிம்பு, நிறம், அது இருக்கிற இடம். “இடது காலில் காயம்” என்றால் ஒன்றும் விளங்காது. முழங்கால் சில்லிலிருந்து எவ்வளவு கீழே, குதிக்காலிலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதவேண்டும். மோதியது காரின் முன்பக்கமா பஸ்ஸின் முன்பக்கமா என்பதை அந்த உயரம் சொல்லக்கூடும். தலைத்தோலில் கவனம்: பொல்லடி விழுந்தாலும் அங்கே தோல் நேர்கோடாக வெடித்துக் கத்தியால் வெட்டியது போலத் தெரியும். காயத்தை மெதுவாக விரித்து ஆழத்தைப் பாருங்கள். இழைகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அறாமல் ஓடினால் அது கிழிவு. எல்லாம் சுத்தமாக அறுந்திருந்தால் வெட்டு. கண்டலின் நிறத்தை வைத்து “இரண்டு நாள், மூன்று நாள்” என்று அடித்துச் சொல்கிற பழக்கம் பழைய ஆட்களிடம் உண்டு. அதை எடுக்காதீர்கள். மஞ்சள் தெரிந்தால் 18 மணித்தியாலத்துக்குக் குறையாது என்பதற்கு மேல் நிறம் அதிகம் சொல்லாது.

தேடியும் காணாததையும் எழுதவேண்டும். “கழுத்தில் காயமில்லை” என்ற வரி இல்லையென்றால், நீங்கள் கழுத்தைப் பார்க்கவேயில்லை என்று எதிரி தரப்புச் சட்டத்தரணி சொல்வார். கடைசியாகக் காயத்தின் தரம்: சாதாரண காயம், கடுங்காயம், உயிராபத்தான காயம், இயற்கையின் சாதாரண போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமான காயம். எலும்பு முறிந்தாலோ பல் உடைந்தாலோ தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவின்படி கடுங்காயம். நோயாளி பாவம் என்று தரத்தைக் கூட்டவும் வேண்டாம், எதிரி தெரிந்த ஆள் என்று குறைக்கவும் வேண்டாம். சின்ன ஊர்கள் இவை. மாமா, சித்தப்பா, கோயில் தலைவர் என்று யாராவது உங்களைத் தேடி வருவார்கள். வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்புங்கள்.

பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளானவர்கள் வரும்போது நேரம் ஒதுக்குங்கள். தனி அறை, பெண் உதவியாளர், கதவுக்குத் திரை. பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கதை சொல்லவைக்காதீர்கள். காயம் ஒன்றும் இல்லை என்பதற்கு ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளல்ல. இந்த வரியை அறிக்கையிலும் எழுதுங்கள், சாட்சிக் கூண்டிலும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டார் சந்தேகத்தோடு வந்து கேட்டால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தைக் கொடுங்கள்.

பட்டப்பின் படிப்பு

கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்பின் மருத்துவ நிறுவனம்தான் வழி. சட்ட மருத்துவ டிப்ளோமா ஒன்றும், எம்.டி. பட்டமும் உண்டு. டிப்ளோமா முடித்தவர்கள் சட்ட மருத்துவப் பிரிவுகளில் வைத்திய அதிகாரியாக வேலை செய்வார்கள். விசேட நிபுணர் என்ற தகுதிக்கு எம்.டி.யும், அதற்குப் பின்னான உள்நாட்டு வெளிநாட்டுப் பயிற்சியும், அந்த நிறுவனத்தின் சபைச் சான்றும் வேண்டும். உயர்தரம் முடித்த நாளிலிருந்து எண்ணினால் பத்து வருடத்தைத் தாண்டிவிடும். கலியாணம், வீட்டுப் பொறுப்பு எல்லாம் இதற்குள்தான் வரும் என்பதால் வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

காசு விஷயம்: சக வைத்தியர்கள் மாலையில் தனியார் கிளினிக்கில் இருப்பார்கள், நீங்கள் அறிக்கை எழுதிக்கொண்டிருப்பீர்கள். இந்தத் துறையில் தனியார் வருமானம் குறைவு. அதைத் தெரிந்துகொண்டே வாருங்கள். மற்றப் பக்கம், ஆட்களும் குறைவு. ஒரு மாவட்டத்து ஜே.எம்.ஓ. விடுமுறையில் நின்றால் சடலம் அடுத்த மாவட்டத்துக்குப் பயணப்படும். குடும்பம் வாகனம் பிடித்துப் பின்னால் போகும். வன்னிக்கு வர விரும்புகிறவனுக்கு இங்கே இடம் இருக்கிறது.

வன்னியின் பிரேத அறைக்கு வருவது

பாடப் புத்தகம் பெரும்பாலும் குளிர் நாட்டில் எழுதியது. மரணித்த நேரத்தை உடல் வெப்பத்திலிருந்து கணக்கிடுகிற முறை, சித்திரை வெயிலில் ஓமந்தையில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் கிடந்த உடலுக்கு உதவாது. இங்கே உடல் வேகமாகக் கெடும். ஆகவே இந்த மண்ணுக்குரியவற்றைத் தனியாகப் படிக்கவேண்டும்.

கட்டுத்துவக்கு. பன்றிக்கு வைக்கிற பொறி மனிதரிலும் வெடிக்கிறது. பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால் காயம் பெரும்பாலும் காலில், முழங்காலை அண்டி இருக்கும். உள்ளே கிடைப்பது கடைச் சன்னமாக இருக்கவேண்டியதில்லை, எந்த இரும்புத் துண்டும் இருக்கலாம். காயம் நெஞ்சில் இருந்தால், அல்லது மேலிருந்து கீழாகப் போயிருந்தால், பொறிதான் என்று பொலிஸ் சொன்னாலும் நீங்கள் நின்று யோசிக்கவேண்டும்.

வேலிக்குக் கள்ளமாகக் கொடுத்த மின்சாரம். மின் பட்ட இடத்தில் சின்னத் தழும்பு ஒன்றுதான் இருக்கும். தோல் நனைந்திருந்தால் அதுவும் இராது. அப்போது சம்பவ இடத்தைப் பார்க்காமல் காரணம் சொல்லமுடியாது. பொலிஸ் ஜீப்பில் ஏறிப் போங்கள், சேற்றில் இறங்குங்கள்.

பாம்பு. புடையன் கடித்தால் வீக்கமும் இரத்தக் கசிவும் காட்டிக்கொடுக்கும். கட்டுவிரியன் அப்படியல்ல. இரவில் பாயில் படுத்திருப்பவரைக் கடித்துவிட்டுப் போகும். வீக்கமும் இல்லை, நோவும் இல்லை. விடிய வயிற்றுவலி என்பார், கண்மடல் விழும், மூச்சு நின்றுவிடும். பரிசோதனை மேசையில் வெளியே ஒன்றும் தெரியாது. கால்விரல் இடுக்கு, காதுக்குப் பின்புறம், முடிக்குள் எல்லாம் கைக்கண்ணாடி பிடித்துத் தேடவேண்டும். அப்படித் தேடியும் கிடைக்காத நாட்கள் உண்டு. அப்போது வீட்டார் சொல்லும் அந்தக் கண்மடல் கதைதான் பெரிய சாட்சி. அதைக் கேட்கத் தெரியவேண்டும்.

யானை, ஏ-9 வீதி, மாரியில் குளம், வயலுக்கு அடிக்கிற மருந்து, இன்னும் நிலத்துக்குள் கிடக்கிற வெடிபொருள். எல்லாம் வரும். வெடியில் சிக்கிய உடல் என்றால் முதலில் எக்ஸ்ரே, பிறகுதான் கத்தி. நஞ்சு என்று சந்தேகித்தால் மாதிரிகள் பத்தரமுல்லை பெலவத்தையில் உள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகும். அதுவரை மரண காரணத்தைத் திறந்து வைக்கவேண்டும். மதுசாரம் பார்க்கிற இரத்தத்துக்குச் சோடியம் புளோரைட்டு போட மறக்காதீர்கள். நஞ்சு பார்க்கிற உறுப்பை போர்மலினில் போட்டுவிடாதீர்கள். முத்திரை, கையொப்பம், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற குறிப்பு, இவற்றில் ஒன்று விடுபட்டாலும் பகுப்பாய்வு முடிவு வழக்கில் நொண்டும்.

குடும்பத்தோடு பேசுவது

நந்திக்கடலிலோ குளத்திலோ இரண்டு நாள் கிடந்த உடலைக் கரைசேர்க்கும்போது கண்மடல், உதடு, காதுமடல் இருக்காது. மீனும் ஆமையும் தின்றிருக்கும். கரையில் நின்று பார்த்த சனம் வைத்தியசாலைக்கு வருமுன்பே கதை கட்டிவிடும். “கண்ணைத் தோண்டிப்போட்டுத்தானே தண்ணியுக்கை போட்டவங்கள், டொக்டர்?” என்று தாய் கேட்பா. இந்த மண்ணில் அப்படி நினைக்க அவவுக்குக் காரணம் இருக்கிறது. ஆகவே எரிந்து விழாதீர்கள். உயிரோடிருக்கும்போது பட்ட காயமென்றால் விளிம்பில் இரத்தம் கண்டியிருக்கும். இறந்த பிறகு பட்டதென்றால் விளிம்பு வெளிறி, இழைகளுக்குள் இரத்தம் ஏறாமல் இருக்கும். அதை அவவின் பேச்சில் சொல்லுங்கள்: “அம்மா, நான் வடிவாப் பாத்தனான். இது உயிரோடை இருக்கேக்கை வந்த காயமில்லை. மீன் கடிச்சது. வேறை அடிகாயம் ஒண்டும் உடம்பிலை இல்லை.” வடிவாகப் பார்த்திருந்தால் மட்டுமே இதைச் சொல்லுங்கள். உண்மையில் அடிகாயம் இருந்தால் அதையும் இதே குரலில் சொல்லவேண்டிவரும்.

பொழுது சாய முதல் உடலைக் கேட்பார்கள். மன்னாரில் முஸ்லிம் குடும்பமென்றால் ஜனாஸா தாமதமாகக்கூடாது என்ற தவிப்பு இன்னும் கூட. முடிந்தால் அவர்களை முதலில் எடுங்கள். முடியாதென்றால் எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று சொல்லிவிடுங்கள். “பாப்பம்” என்ற சொல்தான் அவர்களைக் கொல்லும். தைத்துக் கழுவி, முகத்தைத் துடைத்து, வெள்ளைத் துணியில் கொடுப்பது பிரேத அறை உதவியாளரின் வேலை என்று ஒதுங்காமல் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

எலும்புகள்

வன்னியில் இந்தப் பகுதியைத் தவிர்க்கமுடியாது. திருக்கேதீஸ்வரத்தில் 2013இல், மன்னார் நகரில் பழைய சதொச கட்டடம் இருந்த இடத்தில் 2018இல், கொக்குத்தொடுவாயில் 2023இல் குடிநீர்க் குழாய்க்கு மண் வெட்டும்போது என்று மனிதப் புதைகுழிகள் வெளிப்பட்டன. மன்னாரில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், கொக்குத்தொடுவாயில் 52. நீதவானின் மேற்பார்வையில் சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியலாளர்களும் சேர்ந்து செய்யும் வேலை. கொக்குத்தொடுவாயில் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ பங்கெடுத்தார்.

சாதாரணப் பரிசோதனையில் பழகிய கை இங்கே மெதுவாகவேண்டும். மூங்கில் குச்சி, தூரிகை, அரிதட்டு. எலும்பைத் தூக்குமுன் அது கிடந்த கிடையைப் படம் எடுத்து வரையவேண்டும். கை பின்னால் மடிந்திருந்ததா, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்ததா என்பது தூக்கியபின் திரும்பக் கிடைக்காது. இடுப்பெலும்பு ஆணா பெண்ணா என்று சொல்லும். காறை எலும்பின் உள்முனை 30 வயதை நெருங்கும்வரை முழுமையாக ஒட்டாது என்பதால் இளவயது ஆட்களின் வயதைக் கணிக்க உதவும். டி.என்.ஏ.க்குப் பல்லையும் தொடை எலும்பையும் பத்திரப்படுத்துங்கள். துணி, பொத்தான், இலக்கத் தகடு எல்லாம் எலும்பளவு முக்கியம்.

மன்னார் மாதிரிகளை அமெரிக்காவில் புளோரிடாவில் உள்ள ஆய்வுகூடத்தில் காபன் பரிசோதனை செய்து, 2019இல் அவை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று முடிவு வந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அதை ஏற்கவில்லை. உங்கள் ஆய்வு முடிவைக் கையில் வைத்திருக்கும்போது வாசலில் யார் நிற்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியிலிருந்து வீதியோரம் இருந்து பிள்ளைகளைக் கேட்ட தாய்மார் அவர்கள். ஊடகத்துக்கு அவசரப்பட்டு ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். நீதிமன்றத்துக்குச் சொல்லுங்கள், முழுதாகச் சொல்லுங்கள்.

சாட்சிக் கூண்டு

அழைப்பாணை நீங்கள் இடமாற்றமாகிப் பல வருடம் கழித்து வரும். அம்பாந்தோட்டையில் வேலை செய்தாலும் வவுனியா மேல் நீதிமன்றத்துக்கு வந்து நிற்கவேண்டும். அப்போது உங்களுக்கு முகமும் ஞாபகம் இராது, காயமும் ஞாபகம் இராது. இருப்பது எழுதியது மட்டும். எரித்த உடலைத் திரும்பப் பார்க்கமுடியாது.

அறிக்கை ஆங்கிலத்தில், வழக்கு தமிழில். ஆகவே முதல் நாள் இரவே ஒவ்வொரு காயத்தையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு உங்களை நிபுணராக ஏற்று உங்கள் அபிப்பிராயத்தைக் கேட்கிறது. கேட்டதற்கு மட்டும் பதில். “இப்படியும் நடந்திருக்கலாமா?” என்று எதிரி தரப்பு கேட்டால், நடந்திருக்கலாமென்றால் “ஆம்” என்று நேரே சொல்லுங்கள். அரச தரப்புக்கு வெல்லக் கொடுப்பது உங்கள் வேலையல்ல.

வைத்தியராகாமலும் வரலாம்

மருத்துவ பீடம் கிடைக்காவிட்டால் கதவு மூடிவிட்டது என்றில்லை. இரசாயனவியல் பட்டதாரி அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகலாம். பல் வைத்தியர் பல்லை வைத்து ஆளை அடையாளம் காண்கிற துறையைப் படிக்கலாம். தொல்லியல் படித்தவர்கள் புதைகுழி அகழ்வில் வேண்டப்படுகிறார்கள். பொலிஸில் சம்பவ இடத் தடயங்களைச் சேகரிக்கிற சொகோ பிரிவு இருக்கிறது. தமிழ் தெரிந்தவர்கள் அங்கே எவ்வளவு தேவை என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஊரில் மதிப்புள்ள, நிதானமான ஆள் திடீர் மரண விசாரணை அதிகாரி பதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

கனடாவிலும் லண்டனிலும் உறவு இருக்கிறவர்கள் “அங்கை மெடிக்கல் எக்ஸாமினராப் போகலாமோ?” என்று கேட்பார்கள். பெயர் ஒன்றானாலும் வேலை ஒன்றல்ல. அமெரிக்காவில் அந்தப் பெயர் உள்ளவர் அநேகமாகப் பிரேத பரிசோதனை செய்யும் நோயியல் நிபுணர். மருத்துவப் பட்டத்துக்குப் பின் நோயியல் பயிற்சியும், அதன்மேல் சட்ட நோயியலில் ஒரு வருடமும். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் முறை மாறும். ஒன்ராறியோவில் மரண விசாரணையை நடத்துகிறவர் கொரோனர், அவரும் வைத்தியரே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 செப்ரெம்பரிலிருந்து சட்டப்படி இயங்கும் மெடிக்கல் எக்ஸாமினர் கத்தி தொடுவதேயில்லை. கொரோனரிடம் போகாத மரணங்களின் காரணத்தைச் சரிபார்க்கிற மூத்த வைத்தியர் அவர்.

இப்போதே செய்யக்கூடியது

பாடசாலை மாணவருக்குப் பிரேத அறையைத் திறந்து காட்டமாட்டார்கள், காட்டவும் கூடாது. ஆனால் நீதிமன்றம் பகிரங்கமானது. வவுனியாவிலோ மன்னாரிலோ மேல் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிற நாளில், சுத்தமான உடுப்போடு, தொலைபேசியை நிறுத்திவிட்டுப் பின் வாங்கில் போய் இருக்கலாம். மூடிய அறையில் நடக்கும் வழக்குகளுக்கு மட்டும் வெளியே அனுப்புவார்கள். வைத்தியர் சாட்சி சொல்லும் நாள் எப்போதென்று தெரிந்த சட்டத்தரணி யாரிடமாவது கேட்டு வையுங்கள். வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் அடுத்த தவணைக்கும் போங்கள். அங்கே மூன்று மணித்தியாலம் அலுப்பில்லாமல் இருக்கமுடிகிறதா என்று பாருங்கள். இருக்கமுடிந்தால் அப்பாவிடம் கதைக்கலாம்.